வட்டக் கூரையும் வெட்டவெளியும்

எல்லையற்ற ஒன்றுக்கு எல்லை வகுத்து இடம் கொடுக்க முடியுமா என்பது எல்லாச் சமயங்களுக்கும் பொதுவான கேள்வி. எங்கும் நிறைந்தவனுக்குக் கோயில் எதற்கு என்று கேட்டவர்களும், கோயில் அமையாத ஊர் வாழத் தகாதது என்று சொன்னவர்களும் ஒரே தமிழ் மரபில் அருகருகே இருந்திருக்கிறார்கள். இந்தக் கேள்விக்குக் கல்லாலும் காரையாலும் சொல்லப்பட்ட விடைகளில் தலைசிறந்த ஒன்று உரோம் நகரின் பாந்தியோன். வேறொரு விடை அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தின் தீக்குழியில், ஆண்டுதோறும் புரட்டாதி மாதத்தில் மூட்டி, மிதித்து, அவித்துவிடப்படுகிறது. ஒன்று ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. மற்றது ஓர் இரவுகூட நிற்பதில்லை. புனிதம் சுவரில் இருக்கிறதா, சுவர் சூழ்ந்த வெளியில் இருக்கிறதா, அங்கே கூடுவோரிடம் இருக்கிறதா என்று ஆராய இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பாந்தியோனை முதலில் கட்டியவர் பேரரசர் அகஸ்தஸின் உற்ற நண்பரும் படைத்தலைவருமான மார்கஸ் அக்ரிப்பா. கி.மு. 27இல் அவர் மூன்றாம் முறை கொன்சல் பதவி வகித்த காலத்தைச் சேர்ந்த அந்தக் கட்டடம் கி.பி. 80இல் எரிந்தது. பேரரசர் டொமிஷியன் எடுப்பித்த இரண்டாவது கட்டடம் 110இல் இடிவிழுந்து எரிந்தது. இன்று நிற்பது மூன்றாவது. டிராஜனின் இறுதி ஆண்டுகளில் அதன் வேலை தொடங்கி, ஹட்ரியன் காலத்தில் 125ஆம் ஆண்டளவில் முடிந்ததென்பதற்குச் செங்கற்களில் பதிந்த முத்திரைகள் சான்று. ஆயினும் முகப்பில் ஹட்ரியனின் பெயர் இல்லை. அக்ரிப்பா கட்டினார் என்றே பெரிய எழுத்துகள் இன்றும் சொல்கின்றன. அடித்தளம் முதல் உச்சிவரை எல்லாம் மாறிய பின்னும் அது அக்ரிப்பாவின் கட்டடமாகவே எண்ணப்பட்டது. உரோமர் கண்ணில் தொடர்ந்து நின்றது கல் அன்று. இடமும், அந்த இடத்தில் ஒருமுறை செய்த நேர்ந்தளிப்புமே நின்றன.

முன்னே 16 தூண்கள் தாங்கும் முகமண்டபம். தூண்கள் பெரும்பாலும் எகிப்தின் பாலைநிலக் கற்சுரங்கங்களில் வெட்டப்பட்டவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 மீற்றர் உயரமும் 60 தொன் அளவு எடையும் கொண்ட ஒற்றைக் கல். நைல் நதி வழியாகவும் மத்தியதரைக் கடல் வழியாகவும் அவை உரோமுக்கு வந்தன. மண்டபத்தைக் கடந்தால் வட்டமான பெருங்கூடம். அதன் விட்டம் 43.3 மீற்றர், தரையிலிருந்து கூரையின் உச்சிக்கும் அதே அளவு. முழு உருண்டை ஒன்றை உள்ளே வைத்தால் அது கூரையோடு பொருந்தி நின்று தரையைத் தொடும். அளவுகளின் இந்த ஒற்றுமை எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. உள்ளே நுழைபவரின் உடலே அதை உணர்கிறது.

கூரை அடுக்கடுக்காக வார்க்கப்பட்டது. சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் உடைகல்லும் சேர்ந்த உரோமக் காரையால் ஆனது. இரும்புக் கம்பி கிடையாது. அப்படிப்பட்ட கூரைகளில் உலகில் இன்றும் மிகப் பெரியது இதுவே. அதைத் தாங்கும் சுவர் 6 மீற்றர் தடிப்பு. கீழே கனமான சுண்ணக்கல்லைக் காரையில் சேர்த்தவர்கள், மேலே போகப் போகச் செங்கல் உடைவையும், உச்சியருகே பஞ்சுபோல் துளைகள் கொண்ட எரிமலைக் கல்லையும் சேர்த்தார்கள். கூரையின் தடிப்பும் அடியில் 6 மீற்றரிலிருந்து உச்சியில் சுமார் 1.2 மீற்றராகக் குறைகிறது. உட்புறத்தில் வரிசைக்கு 28 ஆக ஐந்து வரிசை சதுரக் குழிகள் எடையை மேலும் குறைக்கின்றன. இவ்வளவு கணக்கும் உச்சியில் ஒரு வட்டத் திறப்பில் போய் முடிகிறது. ஏறத்தாழ 9 மீற்றர் அகலமான அந்தத் திறப்புக்கு மூடியும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

கூரையின் உச்சியைத் திறந்து விட்டது துணிச்சல் மட்டுமல்ல, கட்டடக் கலையின் தேவையும்கூட. நான்கு புறமிருந்தும் சாய்ந்து வரும் பாரம் திறப்பின் விளிம்பு வளையத்தில் ஒன்றையொன்று நெருக்கி இறுகுகிறது. உச்சியில் இருந்திருக்க வேண்டிய எடை இல்லாமலே போகிறது. மழை பெய்தால் உள்ளே பெய்கிறது. அதற்காகத் தரையின் நடுப்பகுதி சற்றே மேடாக்கப்பட்டு, நீர் வடியத் துளைகளும் இடப்பட்டுள்ளன. பகலில் ஒரு வட்ட வெயில் சுவரிலும் தரையிலும் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஏப்ரல் மாதத்தின் பிற்பகுதியில் நண்பகல் ஒளி வாசலின் மேல் விழும்.

இத்தனை முயன்று அடைத்த வெளியின் நடுவில் யார் இருந்தார்? ஒருவரும் இல்லை என்பதே பாந்தியோனின் சமயப் பொருள். தெய்வ உருவங்கள் சுற்றுச்சுவரின் மாடங்களுக்கு ஒதுங்கி நிற்க, நடுவிடம் ஒளிக்கும் மனிதருக்கும் விடப்பட்டது. மூன்றாம் நூற்றாண்டில் வரலாறு எழுதிய காசியஸ் டியோ, வளைந்த கூரை வானத்தை ஒத்திருப்பதைத் தம் கருத்தாகக் குறிப்பிடுகிறார். முதற் கட்டடத்தைப் பற்றி அவர் சொல்லும் செய்தி ஒன்றும் கவனிக்கத்தக்கது. அகஸ்தஸின் சிலையை உள்ளே நிறுத்த அக்ரிப்பா விரும்பினார்; பேரரசர் இசையவில்லை. இறந்து தெய்வமாக்கப்பட்ட யூலியஸ் சீசரின் சிலை உள்ளே போக, உயிரோடிருந்த இருவரின் சிலைகளும் வெளி மண்டபத்தில் நின்றன. ஆயினும் ஹட்ரியன் பாந்தியோனில் அமர்ந்து வழக்கு விசாரித்ததையும் அதே டியோ பதிவு செய்கிறார். அது கோயிலா, அரசவையா என்று ஆய்வாளர் இன்றும் வாதிடுகிறார்கள். அந்த வாதம் பிற்காலத்தவருடையது. வழிபாட்டையும் ஆட்சியையும் தனித்தனிக் கட்டடங்களுக்குள் அடைக்க வேண்டும் என்ற எண்ணம் உரோமரிடம் இருக்கவில்லை.

அவர்களிடம் இருந்தது வேறொரு பிரிவினை. இடத்தை வகுப்பது ஒரு செயல். அதன் மேல் கட்டுவது இன்னொரு செயல். நிமித்தம் பார்க்கும் குருமார் வானத்தையும் நிலத்தையும் நோக்கி எல்லை சொல்லி வகுத்த இடத்தில்தான் செனட் சபை சட்டப்படி தீர்மானம் எடுக்கலாம். செனட் மண்டபம் அவ்வாறு வகுக்கப்பட்டிருந்தது. அணையா நெருப்பைக் காத்த வெஸ்தா தேவியின் வட்டக் கோயிலோ, எவ்வளவு புனிதமானதாயினும், அப்படி வகுக்கப்படாதது. சுவர் வேறு, புனிதம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சட்டமாக்கிய சமூகம் அரிது.

யூப்பிட்டரின் பெருங்கோயிலைக் கப்பிட்டோல் குன்றில் எழுப்பத் தொடங்கியபோது நடந்ததாகச் சொல்லப்படும் கதை இதற்கு அடுத்த படி. அந்தக் குன்றில் ஏற்கெனவே சிறு தெய்வங்களின் இடங்கள் இருந்தன. அவற்றை முறைப்படி விடுவித்த பிறகே புதுக் கோயிலுக்கு அடிக்கல் நாட்டலாம். மற்றத் தெய்வங்கள் இசைந்தன. எல்லைக்கல்லின் தெய்வமாகிய டெர்மினஸ் நகர மறுத்தது. அதனால் அந்தக் கல்லை உள்ளே வைத்தே கோயில் கட்டினார்கள். எல்லைத் தெய்வம் வானத்தின் கீழ்தான் இருக்க வேண்டும் என்பதால் அதன் நேர்மேலே கூரையில் ஒரு துளையும் விட்டார்கள் என்கிறார் புலவர் ஓவிட். பாந்தியோனின் திறப்பு இந்தக் கதையிலிருந்து வந்தது என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் கூரை போட்டபின்னும் வானத்துக்கு வழி விட வேண்டும் என்ற உணர்வு உரோமச் சமயத்தின் அடியாழத்தில் இருந்தது.

சைவ ஆகம மரபும் ஏறத்தாழ இதே இடத்துக்கு வேறு வழியால் வருகிறது. கோயிலைத் திருத்திக் கட்டும்போது மூலமூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கலாகர்ஷணம் என்னும் கிரியையால் கும்பத்துக்கு மாற்றி, சிறிய பாலாலயத்தில் வைத்துப் பூசை நடத்துகிறார்கள். அந்தக் காலத்தில் கருவறையில் கொத்தனும் தச்சனும் ஏறி நின்று வேலை செய்யலாம். கல் கல்லாகவே இருக்கும். திருப்பணி முடிந்து கும்பாபிஷேகம் ஆனதும் கும்பத்து நீரோடு சாந்நித்தியம் மீண்டும் மூர்த்தியைச் சேர்கிறது. கிழக்கிலங்கையின் எந்த ஊர்க் கோயிலிலும் காணக்கூடிய இந்த வழக்கம் எந்தத் தத்துவ நூலுக்கும் குறையாத விடை. இறைவன் இடத்தில் வந்து பொருந்துகிறான். இடத்தால் கட்டுண்டவன் அல்லன்.

இதையே ஒரு வரலாறாகச் சொல்வது பெரியபுராணத்தின் பூசலார் நாயனார் கதை. திருநின்றவூரைச் சேர்ந்த அவரிடம் பொருள் இல்லை. மனத்துக்குள் கல் சேர்த்து, தச்சர் தேடி, நாள் பார்த்து, குளமும் மதிலும் உட்பட ஒரு கோயிலை அவர் நினைவால் கட்டி முடித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தன் கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, பூசலாரின் கோயிலுக்குப் போக வேண்டியிருப்பதால் உன் நாளைத் தள்ளி வை என்றார். இந்தக் கதையைக் கல்லுக்கு எதிரான கதையாகப் படிப்பவர் பலர். அது முழுமையான வாசிப்பு அன்று. பூசலார் மனத்தில் கட்டியதும் கோயில்தான். தூணும் விமானமும் கொண்ட, ஒழுங்காக எடுக்கப்பட்ட கோயில். கட்டடம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கட்டடத்தை எந்தப் பொருளாலும் ஆக்கலாம், நினைவாலும் ஆக்கலாம் என்றே கதை சொல்கிறது. மன்னனும் தள்ளப்படவில்லை, அவன் நாள் மட்டும் தள்ளிப் போகிறது.

வெளியையே மூர்த்தியாகக் கொண்ட சிதம்பரத்தில் திரை விலகினால் தெரிவது வில்வப் பொன்னிதழ் மாலை தொங்கும் வெற்றிடம். அதற்கு மறுகோடியில் அநுராதபுரத்தின் ஜேதவனாராமத் தாதுகோபம் நிற்கிறது. மகாசேன மன்னன் தொடங்கி அவன் மகன் முடித்த அது, ஒன்பது கோடிக்கு மேற்பட்ட செங்கற்களால் ஏறத்தாழ 122 மீற்றர் உயரத்துக்கு எழுந்தது. பாந்தியோனுக்குச் சுமார் ஒன்றரை நூற்றாண்டு பிந்தியது. உருவத்தில் அதுவும் அரைக்கோளம்தான். ஆனால் உள்ளே வெற்றிடமே இல்லை. முழுவதும் செங்கல். அடியார் நுழைவதில்லை; சுற்றி வருகிறார். புனிதமானது உள்ளே இருந்தும் கண்ணுக்கும் காலுக்கும் எட்டாது என்று ஜேதவனம் கற்பிக்க, புனிதத்தின் நடுவில் போய் நில் என்று பாந்தியோன் அழைக்கிறது. ஒரே வடிவம் இரண்டு எதிர்ப்பொருள்களைத் தாங்கக் கூடுமானால், பொருள் வடிவத்திலேயே பிறக்கிறது என்று சொல்வது கடினம்.

பாண்டிருப்பு வடக்கே மருதமுனைக்கும் தெற்கே கல்முனைக்கும் நடுவில், கடலோரமாக அமைந்த தமிழ்க் கிராமம். திரௌபதை வழிபாட்டின் பழைய நடுநிலம் தமிழ்நாட்டின் செஞ்சி வட்டாரம். அங்கிருந்து பல திசைகளுக்குப் பரவிய அது இலங்கையில் உடப்பிலும் பாண்டிருப்பிலும் ஆழ வேரூன்றியது. தாதன் என்பவர் இந்தியாவிலிருந்து வந்து, எதிர்மன்னசிங்கன் என்ற மட்டக்களப்பு மன்னன் காலத்தில் இந்த வழிபாட்டை இங்கே நிறுவினார் என்பது ஊர் மரபு. ஊரின் பெயரையும் பாண்டவர் இருப்போடு சேர்த்தே மக்கள் சொல்கிறார்கள். பாரதப் போரின் கணக்கை ஒட்டிப் 18 நாள் விழா நடக்கிறது.

அந்த நாட்களில் கோயிலின் எல்லை மதிலோடு நிற்பதில்லை. பாரதம் படிக்கப்படுகிறது. பாண்டவர்களாகவும் திரௌபதையாகவும் வரித்துக்கொண்டவர்கள் விரதம் காக்கிறார்கள். வனவாசத்தன்று அவர்கள் நடக்கும் வீதிகளே காடு. அருச்சுனன் பாசுபதம் வேண்டி நிற்கும் தவநிலை வேறொரு நாள். கடைசியில், நெருப்பில் பிறந்தவளாகிய திரௌபதையின் பேரால், விறகை எரித்துத் தணலாக்கிய குழியில் இறங்கி நடக்கிறார்கள். நேர்த்தி வைத்தவர்கள் பின்தொடர்கிறார்கள். குழிக்கு மேலே கூரை கிடையாது, இருக்கவும் முடியாது. பாந்தியோன் கொத்தர்கள் இத்தனை காரையைக் குறைத்துக் குறைத்துச் சென்று உச்சியில் எட்டிய திறந்த வானம், இங்கே தொடக்கத்திலேயே இருக்கிறது. அதன் கீழ் வகுக்கப்படுவது சில பாக நீளமான ஒரு செவ்வகம் மட்டுமே. மறுநாள் அது சாம்பல் நிலம். ஆனால் அந்தச் செவ்வகத்தின் எல்லையை யாரும் தவறி மிதிப்பதில்லை. விரதமில்லாதவர் அதில் கால் வைப்பதில்லை. எல்லை இருக்கிறது, சுவர்தான் இல்லை.

இரண்டு முஸ்லிம் ஊர்களின் நடுவே இந்தக் கோயில் இருப்பதால், இதே கேள்வி பக்கத்து ஊரில் இன்னொரு மொழியில் கேட்கிறது. பூமி முழுவதும் தொழும் இடமாக ஆக்கப்பட்டிருக்கிறது என்பது நபிமொழி. துப்புரவான தரையும் கிப்லாவின் திசையும் போதும். பள்ளிவாசலின் சுவரும் குப்பாவும் தொழுகைக்கு நிபந்தனை அல்ல. ஆனாலும் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதம் கொடியேறுகிறது. நாகூர் சாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக 12 நாள் நடக்கும் அந்த விழாவுக்கு எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். ஆண்டகை அடங்கியிருப்பது நாகூரில். கடற்கரைப் பள்ளியில் இருப்பது அவர் நினைவுக்காக வகுத்த இடம் மட்டுமே. பறக்கத் என்னும் இறையருள் ஓரிடத்தில் தங்கி நிற்குமா, அதை நாடிப் போவது தகுமா என்று முஸ்லிம்களுக்குள்ளேயே நெடுநாளாக விவாதம் உண்டு. இடத்துக்கு மதிப்புக் கொடுப்பது இடத்தையே வணங்குவதில் முடியும் என்று ஒரு சாரார் அஞ்சுகிறார்கள். நல்லடியார்களை நினைப்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்று மறுசாரார் சொல்கிறார்கள். இருவரும் தொடங்கும் புள்ளி ஒன்றே: இறைவன் இடத்தால் அடக்கப்படாதவன்.

இந்தக் கரையின் பள்ளிவாசல்களுக்கு மேலே எழும் குப்பாக்களுக்கு நீண்ட வமிசம் உண்டு. உரோமரின் வட்டக் கூரை கொன்ஸ்தாந்திநோபிளின் ஹாகியா சோபியாவில், 537இல், சதுரக் கூடத்தின் மேல் ஏறியது. பாரசீகச் சாசானியர்களின் வளைகூரை இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. இரண்டும் இஸ்லாமியக் கட்டடக் கலையில் கலந்து, துருக்கியிலும் வட இந்தியாவிலும் வளர்ந்து, சீமெந்தும் கம்பியும் வந்தபின் சிற்றூர்களுக்கும் எட்டின. கட்டியவர் சமயம் மாறிக்கொண்டே இருந்தது. தலைக்கு மேல் வளைந்த வெளியைக் கண்டதும் குரல் தாழும் மனித இயல்பு மாறவில்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடிக் கரையோரங்களில் வீடும் வழிபாட்டிடமும் வேறுபாடின்றிச் சிதைந்தன. அலை போன பிறகும் மக்கள் கோயில் நிலத்தைக் கோயில் நிலமாகவும் பள்ளி நிலத்தைப் பள்ளி நிலமாகவும்தான் அறிந்திருந்தார்கள். இடிந்ததால் இடத்தின் தன்மை போய்விட்டது என்று யாரும் எண்ணவில்லை. அக்ரிப்பாவின் பெயரைத் திரும்பப் பொறித்த உரோமர் நினைத்ததும் இதையே.

அப்படியானால் கட்டடம் வீண் செலவா? புனிதம் கல்லில் இல்லை என்பது சரி. அதனால் கல் எப்படி இருந்தாலும் ஒன்றுதான் என்பது சரியல்ல. கட்டடம் உடலுக்குக் கற்பிக்கிறது. குனிந்து நுழையும் வாசல் பணிவையும், இருண்ட கருவறை எதிர்பார்ப்பையும், திறந்த கூரை அண்ணாந்து பார்ப்பதையும் சொல்லிக் கொடுக்கின்றன. தீக்குழியும் கற்பிக்கிறது, ஆனால் விரதம் காத்த சிலருக்கு, ஆண்டில் ஒருநாள். எவரும் எந்த நாளும் வந்து கற்கும் வாய்ப்பைத் தருவது சுவருள்ள கட்டடமே. கட்டடத்தின் பெருமையைத் தன் பெருமையாக்கிக்கொள்ள அரசரும் செல்வரும் முந்துவது இந்த ஆற்றலை அறிந்துதான். அகஸ்தஸின் சிலை உள்ளே போவதா வெளியே நிற்பதா என்ற கேள்வி எல்லாக் கோயில் நிருவாகங்களிலும் வெவ்வேறு பெயர்களில் எழுகிறது.

சுவரைக் குற்றமற்றதாகக் கண்டதே பாந்தியோனைக் காப்பாற்றியது. 601இல் பாப்பரசர் முதலாம் கிரகோரி, இங்கிலாந்து சென்ற துறவியருக்கு எழுதுகையில், பழைய சமயத்தின் கோயில்களை இடிக்க வேண்டாம், உருவங்களை அகற்றிப் புனித நீர் தெளித்தால் போதும் என்றார். எட்டாண்டுகளில், 609இல், பேரரசர் ஃபோக்காஸின் இசைவோடு பாப்பரசர் நான்காம் பொனிபாஸ் பாந்தியோனை மரியாளுக்கும் மறைசாட்சிகளுக்கும் உரிய தேவாலயமாக நேர்ந்தளித்தார். அக்காலத்து உரோமக் கட்டடங்கள் பல கல் எடுக்கும் சுரங்கங்களாகிவிட, இது வழிபாட்டால் நிலைத்தது. பேரிழப்புகள் இதற்கும் உண்டு: 663இல் பேரரசர் இரண்டாம் கொன்ஸ்தான்ஸ் கூரையின் வெண்கல ஓடுகளைக் கழற்றிச் சென்றார், 17ஆம் நூற்றாண்டில் எட்டாம் உர்பான் பாப்பரசரே முகமண்டபத்தின் வெண்கலத்தை எடுத்தார். ஓவியர் ரஃபேல் 1520இல் இங்கே அடக்கம் செய்யப்பட்டார். இத்தாலிய மன்னர்கள் இருவரின் கல்லறைகளும் இங்கே உள்ளன.

இன்று அது தேவாலயமாகவும் அரசு பராமரிக்கும் தொல்சின்னமாகவும் ஒரே நேரத்தில் இயங்குகிறது. 2023 யூலை முதல் பார்வையாளருக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் வந்தது. திருப்பலிக்கு வருவோரிடம் கட்டணம் இல்லை. வருமானத்தில் 70 சதவீதம் பண்பாட்டு அமைச்சுக்கும் 30 சதவீதம் உரோம் மறைமாவட்டத்துக்கும் போகிறது.